மழை ஒன்றுதான், கான்தான் வேறு: கலாசாரம் மனநோயை என்ன செய்கிறது?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் (அறையில்) ஒரு பெரியம்மா இருந்தார். ஒரு தை மாதம் அவருக்கு நெஞ்சடைப்பு தொடங்கியது. விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, கிளம்பும்போது நெஞ்சில் கல் ஏற்றி வைத்தமாதிரி இருக்குமாம். கை கால் மரத்துப்போகும். மலை ஏறினால் பாதி வழியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார். தோட்டத்து மருந்துக் காம்பராவில் பனடோலும் கேஸ்ட்ரிக் மாத்திரையும் கொடுத்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். பூசாரி திருநீறு போட்டுக் கறுப்புக் கயிறு கட்டினார். நாலு மாதம் இப்படியே போனது.

அந்த நாலு மாதத்தில் லயத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ஒரு கட்சி, "பொழுது சாஞ்ச நேரத்துல ஆத்தோரமா வந்திருக்கா, காத்து கறுப்பு பட்டிருக்கு" என்றது. இன்னொரு கட்சி டவுனில் படித்துக்கொண்டிருந்த எங்களுடையது. "நம்ம சனத்துக்கு மனநோய் பற்றி ஒன்றுமே தெரியாது, எல்லாம் மூடநம்பிக்கை, நம்ம கலாசாரமே இப்படித்தான்" என்று தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னோம். பிற்பாடு இந்தத் துறையில் கொஞ்சம் படித்து, சில வருடம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான், முதல் கட்சியைவிட எங்கள் கட்சிதான் அதிகம் தப்பாகப் பேசியிருக்கிறது என்று விளங்கியது.

"கலாசாரம்" என்ற சொல்லை எல்லோரும் கையில் எடுக்கிறார்கள். சிலர் அதை எல்லாத் துன்பத்துக்கும் மருந்து என்கிறார்கள், சிலர் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்கிறார்கள். அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

விழுமியம் என்பது, ஒரு சமூகம் "இதுதான் பெரிது" என்று யாரும் எழுதிவைக்காமலே நம்புகிற விஷயம். மானம், பொறுமை, பெரியவர்களுக்குக் கட்டுப்படுவது, தனக்கு முன் குடும்பம், படிப்பு என்று அடுக்கலாம். இவற்றை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று அம்மா சொன்னபோது ஒட்டிக்கொண்டவை.

கலாசாரம் என்பது அந்த விழுமியங்களும், அவற்றைச் சுற்றியுள்ள பழக்கங்களும், சடங்கும் பேச்சும் நம்பிக்கையும் சேர்ந்தது. அது கல்லில் வெட்டியதல்ல. தாத்தா காலத்துக் கலாசாரமும் போன் வைத்திருக்கிற பேரனுடைய கலாசாரமும் ஒரே காம்பராவுக்குள் இருந்தாலும் ஒன்றல்ல.

மனநோய் என்ற சொல்லில்தான் குழப்பம் அதிகம். கவலை நோயல்ல, அழுகையும் நோயல்ல. நினைப்போ உணர்ச்சியோ நடத்தையோ நீண்ட நாளுக்குக் குலைந்து, தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்போதுதான் அதை நோய் என்கிறார்கள். உதாரணத்துக்கு மனச்சோர்வு என்ற நோயைச் சொல்ல, குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் தாழ்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருக்க வேண்டும், கூடவே வேறு அறிகுறிகளும் இருக்க வேண்டும் என்று மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது.

கான் வெட்டிய மலை

தேயிலை மலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மழை எல்லா மலையிலும் பெய்கிறது. பெய்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், எங்கே மண்ணை அரிக்கும் என்பதைத் தீர்மானிப்பது மலையில் வெட்டியிருக்கும் கான், அதாவது வடிகால். நல்ல கான் இருந்தால் தண்ணீர் மண்ணைத் தொந்தரவு செய்யாமல் ஆற்றுக்குப் போய்விடும். கான் அடைபட்டால் தேயிலை வேரிலேயே தண்ணீர் நின்றுவிடும். கானே இல்லாத சரிவில் ஒருநாள் மண்ணே இறங்கும்.

துன்பம் மழை. சாவு, கடன், பிரிவு, நோய், பிறவியிலேயே வருகிற மூளையின் கோளாறு எல்லாம் அதில் அடங்கும். கலாசாரம் கான். துன்பம் நமக்குள் விழுந்த பிறகு அது வாயால் வெளியே வருமா, உடம்பால் வருமா, யாரிடம் போகும், எவ்வளவு நாள் தேங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த உவமை முழுக்கப் பொருந்தாது. மலையில் கான் மழையை உண்டாக்குவதில்லை, ஆனால் கலாசாரம் சில நேரம் தானே மழையாகவும் பெய்யும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

உடம்பு பேசுகிற பாஷை

எங்கள் ஆட்களில் எத்தனை பேர் "எனக்கு மனச்சோர்வாக இருக்கிறது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? நான் கேட்டதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தல கனமா இருக்கு", "ஒடம்பெல்லாம் எரியுது", "வயித்துக்குள்ள என்னமோ உருளுது", "கை கால் வெலவெலன்னு போவுது", "யோசனை கூடிப்போச்சு" என்றுதான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு சமூகம் தன் வேதனையைச் சொல்லப் பொதுவில் வைத்திருக்கிற சொற்களையும் சைகைகளையும் துயர மொழி என்று சொல்லலாம். மார்க் நிக்டர் என்ற மானிடவியலாளர் 1981-ல் இந்தக் கருத்தை எழுதியது நம் பக்கத்து ஆட்களைப் பார்த்துத்தான். தென்னிந்தியாவின் தென் கன்னடப் பகுதிப் பெண்கள், நேரடியாகச் சொல்ல முடியாததை விரதம், உடம்பு வலி, பேய் பிடிப்பது போன்ற வழிகளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் கவனித்தார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உடம்பு வலி என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. மனக்கலக்கம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், மூச்சு மேலோட்டமாக ஓடும், வயிறு புரளும். இது எல்லா மனிதருக்கும் பொதுவான உடல் வேலை. அந்த மொத்தக் குழப்பத்தில் எதை முதலில் கவனிக்க வேண்டும், எதைச் சொன்னால் மற்றவர்கள் காது கொடுப்பார்கள் என்பதைக் கலாசாரம் பழக்கிவைத்திருக்கிறது. தோட்டத்தில் ஒரு பெண் "மனசு சரியில்லை" என்று சொன்னால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது. "நெஞ்சு வலி" என்றால் மருந்துக் காம்பராவுக்காவது துண்டுச் சீட்டு கிடைக்கும். அவள் எதைச் சொல்வாள்?

இது நம்மோடு நின்றுவிடவில்லை. ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1980-களின் தொடக்கத்தில் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் சூட்டப்பட்ட நோயாளிகளைப் பரிசோதித்தார். தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்று வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலானோருக்கு இருந்தது மருத்துவக் கணக்கின்படி மனச்சோர்வு. அரசியல் பயமும் குடும்ப மானமும் மனசைப் பற்றிப் பேச விடாத இடத்தில், நரம்பைப் பற்றிப் பேசுவது மரியாதையாக இருந்தது. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "நரம்புத் தளர்ச்சிக்கு" விளம்பரங்களை இனிமேல் பார்த்தால் இது ஞாபகத்துக்கு வரும்.

"யோசனை கூடிப்போச்சு" என்பதற்கும் உலகத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு வேலை தொடங்கினார். சுகாதார நிலையத்து முற்றத்தில் மரப் பலகை இருக்கை ஒன்றைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை உட்காரவைத்தார். வருகிறவர்களிடம் "உங்களுக்கு மனநோய்" என்று பாட்டிமார் சொல்லமாட்டார்கள். குஃபுங்கிசிசா என்ற வீட்டுச் சொல்லிலேயே பேச்சைத் தொடங்குவார்கள், பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வு முடிவில், வழமையான கவனிப்புக் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிற நம் அப்பாயிமாரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வேதனை எல்லோருக்கும் பொது, அதைச் சொல்கிற மொழி ஊருக்கு ஊர் வேறு. அந்த மொழி தெரியாத டொக்டர் ஈசிஜி எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்.

காதில் பேசுவது யார்?

சரி, கவலை, சோர்வு போன்றவற்றில் கலாசாரம் கலப்பது புரிகிறது, மூளையின் நோய் என்று சொல்லப்படுகிற பெரிய வியாதிகளில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். மனச்சிதைவை எடுத்துக்கொள்வோம். இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவது, நினைப்பு கோர்வையற்றுப் போவது இதன் முக்கிய அறிகுறிகள். உலகத்தில் எல்லா இனத்திலும் இது இருக்கிறது. பரம்பரைக்கும் மூளை வளர்ச்சிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. செய்வினையால் வருவதுமில்லை, வளர்ப்பால் வருவதுமில்லை.

ஆனாலும் அந்தக் குரல் என்ன பேசுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர் தன் குழுவோடு அமெரிக்காவின் சான் மடேயோ, கானாவின் அக்ரா, நம் பக்கத்துச் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கிற நோயாளிகள் இருபது இருபது பேரிடம் பேசினார். ஆய்வு 2015-ல் வெளியானது. அமெரிக்கர்களில் பலருக்குக் குரல் யாரோ அந்நியனுடையது, வன்முறையானது, மூளைக்குள் புகுந்து தாக்குகிற எதிரி. அக்ராவில் பலர் அது கடவுளின் குரல் என்றார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர் குரல் கேட்டது. "எழும்பு, குளி, சமையலைப் பார்" என்று மாமியாரோ அக்காவோ ஏவுகிற குரல். திட்டும், புத்தியும் சொல்லும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் ஒரு தாத்தாவுக்கு, பென்சன் போன பிறகும், இரவு இரண்டு மணிக்குக் கங்காணி பிரட்டுக்குக் கூப்பிடுகிற குரல் கேட்கும். எழும்பிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்களத்தில் போய் நிற்பார். நோய் மூளையில் இருக்கலாம். கூப்பிட்ட குரல் எங்கள் தோட்டத்துக் குரல்.

முனியும் மாத்திரையும்

ஒருவருக்கு நோய் வந்தால் டொக்டர் கையில் ஒரு விளக்கம் இருக்கும், வீட்டார் கையில் இன்னொன்று இருக்கும். "இது ஏன் வந்தது, ஏன் இப்போது வந்தது, என்ன செய்தால் போகும்" என்பதற்கு நோயாளியும் குடும்பமும் வைத்திருக்கிற பதிலை நோய் விளக்கம் என்போம். மலையகத்தில் இந்த விளக்கத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணூறு, செய்வினை, குலசாமிக்கு நேர்த்தி பாக்கி, முனி மறித்தது, தலையெழுத்து. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ரோதமுனி என்று காவல் தெய்வம் வைத்த சனம் நாம். இயந்திரம் கையைப் பிடித்து இழுத்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு பெயர் வைத்து, அதற்குப் படையலும் போட்டு, மறுநாள் வேலைக்குப் போனார்கள். அது அறிவீனம் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை.

அப்படியானால் சாமியாடுவது மனநோயா? திருவிழாவில் தப்புப் பறையின் சத்தம் ஏறும்போது அருள் வந்து ஆடுகிறார், குறி சொல்கிறார், தண்ணீர் ஊற்றியதும் மலை இறங்குகிறார், மறுநாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வேலைக்குப் போகிறார். இது நோயல்ல. மருத்துவ நூல்களே, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாக வருவதை நோய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. சடங்குக்கு வெளியே, நேரம் காலம் இல்லாமல், அவரே விரும்பாமல், அவரையும் குடும்பத்தையும் வருத்துகிற மாதிரி வந்தால் அப்போதுதான் யோசிக்க வேண்டும். ஊரிலேயே அனுபவமுள்ள சாமியாடிகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று கண்டுகொள்வார்கள். "இது சாமி இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொன்ன பூசாரி ஒருவரை எனக்குத் தெரியும்.

நோய்க்கும் சாதாரணத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதிலும் கலாசாரத்துக்குக் கை இருக்கிறது. இலங்கையின் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இதைப் பற்றி ஆழமாக எழுதியவர். உலகமே துக்கம், எதுவும் நிலையில்லை, எதிலும் நம்பிக்கை வைக்க ஏதுமில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கு நாட்டு மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதிவிடலாம், ஆனால் இங்கே அது ஒரு நல்ல பௌத்தருடைய வாழ்க்கைப் பார்வையாக இருக்கலாம் என்பது அவர் வாதம். "எல்லாம் அவன் விட்ட வழி" என்று பெருமூச்சு விடுகிற நம் வீட்டுப் பெரியவருக்கும் இது பொருந்தும்.

கோயிலுக்குப் போவதில் பிழையில்லை. கோயிலுக்கு மட்டுமே போய், ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுத்தடிப்பதுதான் பிழை. மனச்சிதைவு போன்ற நோயில் சிகிச்சை தொடங்கப் பிந்தப் பிந்தக் குணமாவதும் கடினமாகிறது. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்குப் போகலாம், யாரும் கழற்றச் சொல்லப் போவதில்லை.

மானம் என்கிற அடைப்பு

லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பார்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒளிவுமறைவுக்கு இடமே இல்லாத இந்த இடத்தில்தான் மனநோய் மிகக் கவனமாக ஒளிக்கப்படுகிறது. காரணம் வீட்டில் இன்னொரு பெண்பிள்ளை இருக்கும். "பைத்தியக்கார வீடு" என்று பெயர் விழுந்தால் அவளுக்குச் சம்பந்தம் வராது. ஒரு நோயின் பெயராலேயே ஒருவரையும் அவர் குடும்பத்தையும் குறைத்துப் பார்ப்பதைத்தான் களங்கம் என்கிறோம். இங்கே களங்கம் ஒரு ஆளின்மேல் நிற்காது, குடும்பம் முழுவதற்கும் பரவும். தனக்கு முன் குடும்பம் என்ற அதே விழுமியம்தான் நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுகிறது, அதே விழுமியம்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாமல் தடுக்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வெட்டப்பட்ட கானும் வேறு. ஆம்பிளை அழக்கூடாது. ஆனால் குடிக்கலாம், குடித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து அழலாம், மறுநாள் யாரும் அதைப் பேசமாட்டார்கள். "அலுப்புக்குக் கொஞ்சம்" என்று தொடங்கியது அவனுடைய ஒரே மருந்தாகிவிடுகிறது. மது சோர்வை இன்னும் கூட்டும் என்பதும், குடித்தவன் கை யார்மேல் விழும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெண்ணுக்கு அந்த வாசலும் இல்லை. பொறுமை அவளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். மலையில் கிலோக் கணக்கு, வீட்டில் விறகும் தண்ணீரும், அதற்குமேல் பொறுமை. அவளுக்கு நெஞ்சடைப்பாக வருவதில் என்ன ஆச்சரியம்?

கலாசாரமே மழையாகப் பெய்யும் என்று சொன்னேனே, அது இங்கேதான். "நீயாவது படிச்சு இந்த மலைய விட்டுப் போயிரு" என்று ஒவ்வொரு தாயும் சொல்கிறாள். அதைவிட நல்ல ஆசை உலகத்தில் இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிற பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மூன்று தலைமுறைக் கூடையையும் சேர்த்து ஏற்றுகிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வருகிற நாளில் பேசாமல் இருக்கிற பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை.

காப்பாற்றுகிற பக்கம்

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் தனியாக அழுவதில்லை. தப்பு அடிக்கும். ஒப்பாரி வைக்கிற பெண், செத்தவர் வாங்கிக்கொடுத்த சேலையிலிருந்து வைத்துவிட்டுப் போன கடன் வரை பாட்டாகச் சொல்லி அழுவாள். மற்ற நாளில் சொல்ல முடியாத குறையையும் அன்றைக்குச் சொல்லலாம், யாரும் கோபிக்கக் கூடாது. சாப்பாடு பக்கத்து லயத்திலிருந்து வரும். பிறகு கருமாதி வரை வீட்டில் ஆள் இருக்கும். துக்கத்துக்கு ஒரு தொடக்கமும், நாள் கணக்கும், கூட்டமும், முடிவும் இருக்கிறது. நன்றாக வெட்டிய கான் என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் கான் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் பார்த்தோம். மண் சரிந்து லயங்களையே மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாமல் யாருக்கு ஒப்பாரி வைப்பது, எந்த நாளைக் கணக்கில் வைத்துக் கருமாதி செய்வது? அழ வரவேண்டிய அக்கம்பக்கமும் அதே மண்ணுக்குள். இழப்பு ஒன்று, இழப்பை ஆற்றுகிற வழியும் சேர்ந்து புதைவது இன்னொன்று. போரால் சிதைந்த வடக்கைப் பற்றி எழுதும்போது மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் ஒரு சமூகத்தின் கூட்டு மனவடு என்று விளக்குகிறார். தனித்தனி ஆட்களோடு சேர்ந்து, அவர்களைப் பிடித்து வைத்திருந்த வலையும் அறுபடுகிறது.

மனச்சிதைவிலும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, நோயை உண்டாக்குவதில் அல்ல, அது போகிற போக்கில். எப்போதும் குறை சொல்வது, வெறுப்புக் காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது உள்ள வீடுகளில் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று இலண்டனில் கண்டார்கள். இந்தியாவின் சண்டிகரில் பார்த்தபோது குடும்பங்களில் அந்தக் குத்தல் பேச்சு இலண்டனைவிடக் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1960-களின் கடைசியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய பெரிய ஆய்வில், இந்தியாவின் ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான் போன்ற இடங்களின் நோயாளிகள் பணக்கார நாட்டு நோயாளிகளைவிட நன்றாகத் தேறியதாகத் தெரிந்தது. இலங்கை நோயாளிகளை ஐந்து வருடம் கழித்துத் தேடிப் பார்த்த நான்சி வக்ஸ்லர் 1979-ல் அதே மாதிரி எழுதினார். "வெளியே இருந்து வந்தது, வெளியே போய்விடும்" என்று குடும்பம் நம்புவது நோயாளியை நிரந்தர நோயாளியாக முத்திரை குத்தாமல் காக்கிறது என்பது அவர் விளக்கம். பிற்காலத்தில் பலர் இந்த முடிவுகளைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே "எங்கள் கூட்டுக் குடும்பம் இருக்க மாத்திரை எதற்கு" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சுருக்கமாக, ஒரே விழுமியம் ஒரு வீட்டில் காக்கும், அடுத்த வீட்டில் அடைக்கும். "நல்ல கலாசாரமா, கெட்ட கலாசாரமா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

கலாசாரத்தின்மேல் போடக்கூடாத பழி

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வெளியிலிருந்து வருகிறவர்களும், படித்து வெளியே போன நாங்களும், தோட்டத்து மக்களின் மனத்துன்பத்தைப் பார்த்துச் "சமூகப் பழக்கவழக்கம்" என்று எழுதிவிடுகிறோம். ஓட்டை விழுந்த தகரம் பழக்கவழக்கமா? அரைப்பேர் போட்டு அரைநாளாக வெட்டிய சம்பளம் விழுமியமா? சுதந்திரம் கிடைத்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது, மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அண்ணன் கப்பல் ஏற, தம்பி லயத்தில் நின்றான். நாடற்ற நிலையை முழுதாக முடிக்கச் சட்டம் வந்தது 2003-ல். "எங்கள் ஆட்கள் எதையும் வெளியே சொல்லமாட்டார்கள்" என்று குறைப்படுகிறோமே, வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று இத்தனை வருடம் பார்த்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

மொழியும் அப்படித்தான். தமிழ் தெரிந்த மனநல மருத்துவர் கிடைப்பது மலையில் அரிது. சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கு முன்னால் தாயின் அந்தரங்கத்தைப் பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்க்கிறான். அந்தத் தாய் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? பிறகு கோப்பில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்படும்.

கலாசாரத்தைக் குற்றம் சொல்வது எப்படி வழி தவறவைக்கும் என்பதற்கு நாடு முழுவதற்குமான ஒரு உதாரணம் இருக்கிறது. 1995-ல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக, உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. "நம் ஆட்கள் அவசரக்காரர்கள், ரோசக்காரர்கள்" என்று அதற்குக் கலாசார விளக்கம் சொன்னார்கள். அந்த வருடமும் 1998-லும் கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. அடுத்த பத்து ஆண்டில் வீதம் பாதியாகக் குறைந்தது. அதற்குள் நம் ரோசம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனதும், அந்தக் கொடிய கணத்தைக் கடந்து ஆட்கள் பிழைத்தார்கள். அதே 1998-ல் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம் என்ற சட்டப் பிரிவும் நீக்கப்பட்டது, ஆகவே உதவி தேட யாரும் பொலிஸுக்குப் பயப்படத் தேவையில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அப்படியொரு எண்ணம் வந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926-க்கு அழையுங்கள். 1974-லிருந்து இயங்கும் சுமித்ரயோ என்ற தன்னார்வ அமைப்பும் காது கொடுக்கும்.

சரி, எப்படிக் கேட்பது?

2013-ல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில், நோயாளியின் கலாசாரத்தைப் புரிந்துகொள்ள 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலே இருக்கிறது. அதன் சாரத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "ஒங்களுக்கு என்ன நடக்குதுன்னு நீங்க நெனக்கிறீங்க? ஒங்க வீட்டாளுங்க இத என்னன்னு சொல்றாங்க? இது வந்ததால எது பெரிய கஷ்டமா இருக்கு? எது கொஞ்சம் ஆறுதலா இருக்கு? இதுக்கு முன்ன எங்க எங்க போனீங்க?" கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்க வேண்டும். சுளித்தால் கோயில் கதை வராது, கோயில் கதை வராவிட்டால் பாதி நோய்க் கதை வெளியே வராது.

பெரியம்மாவுக்கு ஐந்தாவது மாதம் இது நடந்தது. கிளினிக்குக்குப் புதிதாக ஒரு சிங்கள டொக்டர் வந்திருந்தார், இளம் பெண், அரைகுறைத் தமிழ். ஈசிஜி துண்டைப் பார்த்துவிட்டு வைத்தார். "அம்மா, இது என்னத்தால வந்ததுன்னு நீங்க நினைக்கிறது?" என்று கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மக வெளிநாட்டுக்குப் போயிட்டா டொக்டர். பேரப்புள்ள ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு அழுவுது. அது முன்னால எனக்கு அழ ஏலாதே."

டொக்டர் கொடுத்த மாத்திரையை எட்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆடியில் குலசாமிக்கு நேர்த்தியும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் எடுக்கும்போது, பேரனைக் கடைக்கு அனுப்பிவிட்டு முதலில் தான் பேசுவார். அழுவதென்றால் அதற்குள் அழுதுவிடுவார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனைக் கூப்பிடுவார்.